தடுப்பூசி போட்டும் கோழி விழுகிறது: எங்கே தப்பு?

மேட்டாங்காடு (கேள்வி)

கொல்லைப்புறத்தில் நாட்டுக்கோழி மொத்தம் 30 உருப்படி. தாய்க்கோழி 9, சேவல் 2, நான்கு மாத வெடை 7, ஆறு வாரக் குஞ்சு 12. பகலில் மேய்ச்சல், ராத்திரி தகரக் கூரை போட்ட கூடு. குஞ்சுகள் பஞ்சாரத்தில்.

விவரத்தை வரிசையாகத் தருகிறேன், தப்பு எந்த இடத்தில் என்று சொல்லுங்கள்.

இதுவரை சொட்டு மருந்து எதுவும் போட்டதில்லை. குடற்புழு நீக்கமும் செய்ததில்லை. ஊசிக்கு ஏழு நாள் முன்பு சந்தையில் இரண்டு தாய்க்கோழி வாங்கி நேராக மந்தையில் விட்டாயிற்று (9-ல் அவையும் சேர்த்தி). அப்புறம் டவுன் மருந்துக்கடையில் வெள்ளைக்கழிச்சலுக்கான ஊசி மருந்து ஆர்2பி, 100 டோஸ் குப்பி ஒன்று. பாலித்தீன் பையில் போட்டு பஸ்ஸில் ஒரு மணி நேரம், ஐஸ் இல்லை. காலை 9 மணிக்குக் கரைத்து, கோழிகளைப் பிடித்துப் பிடித்துப் போட்டு முடிக்கையில் 12.30. இறக்கையடியில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, எல்லாவற்றுக்கும் அரை மி.லி. ஒரே ஊசி.

மூன்றாம் நாள் ஒரு வெடை செத்தது. இன்றோடு ஊசி போட்டு பத்து நாள். போனது: குஞ்சு 6, வெடை 3, தாய்க்கோழி 1. பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், கண்ணை மூடிக்கொண்டு இறக்கையைத் தொங்கப்போட்டு நிற்கிறது. எட்டாம் நாள் முதல் இரண்டு குஞ்சுக்குக் கழுத்து முறுக்கிக்கொண்டது. சந்தைக் கோழி இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன, இரை எடுக்கின்றன.

ஊசிதான் கொன்றதா? மிச்சம் இருப்பவற்றுக்கு மறுபடி போடலாமா? பக்கத்து வீட்டில் "ஊசியே வேண்டாம், கீழாநெல்லியும் சீரகமும் அரைத்துக் கொடு, போதும்" என்கிறார்கள்.

---

சிறுவிடை

நாள் கணக்கோடு எழுதியதால் பதில் சொல்ல முடிகிறது. அதை வைத்தே பார்ப்போம்.

ஊசி உடம்பில் வேலை செய்து எதிர்ப்பு வர 7 முதல் 10 நாள் ஆகும். மூன்றாம் நாள் செத்த வெடைக்கு ஊசி நன்மையும் செய்திருக்க முடியாது, தீமையும் செய்திருக்க முடியாது. ஊசி ஏறும்போதே அதன் உடம்பில் நோய் இருந்திருக்கிறது. வெள்ளைக்கழிச்சல் கிருமி உள்ளே போய் அறிகுறி காட்ட 2 முதல் 15 நாள் ஆகும், பெரும்பாலும் 5, 6 நாள். சந்தைக் கோழி வந்த நாளிலிருந்து எண்ணுங்கள், பொருந்துகிறதா?

அந்த இரண்டும் நன்றாக இருக்கின்றன என்பதுதான் எனக்குச் சந்தேகத்தைக் கூட்டுகிறது. முன்பு ஊசி போட்டதோ, நோயில் தப்பியதோ, அரைகுறை எதிர்ப்பு உள்ள கோழி தான் விழாது. எச்சத்திலும் மூச்சிலும் கிருமியை மட்டும் கொட்டிக்கொண்டிருக்கும். பார்த்தால் கொண்டை சிவப்பாகத்தான் இருக்கும்.

கழுத்து முறுக்கிய இரண்டு குஞ்சு கதை வேறாக இருக்கலாம். ஆர்2பி நடுத்தர வீரியமுள்ள உயிர்க்கிருமி. எட்டு வாரம் ஆன, அதற்கு முன் சொட்டு மருந்து பெற்ற கோழிக்குத்தான் அதைப் போட வேண்டும். சொட்டு மருந்தே காணாத ஆறு வாரக் குஞ்சுக்கு நேராக ஏற்றினால் ஒரு வாரம் கழித்துக் கால் இழுப்பு, கழுத்து முறுக்கு வரக்கூடும். நோயின் முறுக்கா, மருந்தின் முறுக்கா என்று கண்ணால் பிரிக்க முடியாது. ஆனால் தாய்க்கோழியும் வெடையும் பச்சைக் கழிச்சலோடு விழுவதால் ஊருக்குள் நோய் இருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும்.

அப்புறம் குப்பி. உயிருள்ள தடுப்பு மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். பாலித்தீன் பையில் ஒரு மணி நேரம் வெயில் பஸ், கரைத்த பின் மூன்றரை மணி நேரம், மேலே ஸ்பிரிட். மூன்றும் கிருமியைக் கொல்லும். கடைசியில் கோழிக்குள் போனது உப்புத் தண்ணீர்தானோ என்னவோ. கரைத்த மருந்து ஒரு மணி நேரத்தில் தீர வேண்டும், அதிகபட்சம் இரண்டு. அதுவும் குப்பியை ஐஸில் சாய்த்து வைத்தபடி. இறக்கையடித் தோலைத் துடைக்க வேண்டுமானால் காய்ச்சி ஆறிய தண்ணீர் தொட்ட பஞ்சு போதும். ஸ்பிரிட், டெட்டால் இரண்டும் ஆகாது.

குப்பி நல்லதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. உள்ளே மருந்து காய்ந்த வெள்ளை வில்லையாக அடியில் உட்கார்ந்திருக்கும். சுருங்கிப் பிசுபிசுத்துக் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் வேண்டாம். குப்பிக்குள் காற்று இருக்காது. அதனால் சலைன் ஏற்றிய சிரிஞ்சு ஊசியை ரப்பர் மூடியில் குத்தியதும், நீங்கள் அழுத்தாமலே சலைன் சர்ரென்று உள்ளே இழுபடும். இழுக்கவில்லை என்றால் மூடி கசிந்து காற்றுப் போய்விட்டது, அந்தக் குப்பியை ஒதுக்கிவிடுங்கள். இதைப் பார்க்காமல் போடுகிறவர்கள்தான் அதிகம்.

இப்போது மறுபடி ஊசி வேண்டாம். ஒரே ஊசி நோய்க்கோழியிலிருந்து நல்ல கோழிக்குக் கிருமியைக் கொண்டுபோகும், துரத்திப் பிடிக்கும் அலுப்பில் அரைகுறையாக இருப்பதும் விழும். இந்த வேளையில் கண் சொட்டு போடலாமா என்பதை நேரில் பார்க்கும் மருத்துவர் சொல்லட்டும். கடைசிச் சாவுக்குப் பின் 21 நாள் சுத்தமாகக் கடந்தால் மந்தை முழுக்க லசோட்டா (வெள்ளைக்கழிச்சலுக்கான வீரியம் குறைந்த மருந்து) கண் சொட்டு போடுங்கள், அங்கிருந்து முறையாகத் தொடங்கலாம்.

கீழாநெல்லி, சீரகம், மிளகு, மஞ்சள், பூண்டு கொடுப்பதில் குற்றமில்லை. நன்றாக இருக்கும் கோழிக்கு இரை எடுப்பைத் தூக்கிவிடும். அது தடுப்பூசிக்கு மாற்று ஆகாது. மூலிகை போதும் என்று ஊசியைக் கைவிட்ட தெருவில் ஒரு பங்குனியில் மொத்தக் கூடும் காலியாகும்.

---

தீவனக்கூடை

நோய் வெள்ளைக்கழிச்சல்தான் என்று நாமே முடிவு கட்டிவிட்டோம். அதை உறுதி செய்துகொள்ளாமல் அடுத்த அடி வைப்பது சரியில்லை. கழிச்சல் என்றாலே வெள்ளைக்கழிச்சல் என்று ஓடுவதில் நிறையக் காசு போகிறது.

பிறந்து மூன்று வாரத்துக்குள் குஞ்சின் ஆசனவாயில் சுண்ணாம்பு போல வெள்ளை ஒட்டி அடைத்து, கீச்சுக்கீச்சென்று கத்திக்கொண்டே சாவது பெரும்பாலும் சால்மொனெல்லா. தாயின் முட்டை வழியாகவே வருவது. அந்தத் தாயின் முட்டையை அடை வைக்கவே கூடாது.

மூன்று முதல் எட்டு வாரக் குஞ்சு, எச்சத்தில் ரத்தம், இறகைச் சிலிர்த்துக்கொண்டு கும்பலாக ஒடுங்கி நிற்பது ரத்தக்கழிச்சல். ஈரக் கூளத்தில் வளரும் ஒட்டுண்ணி. இதற்கு ஆம்ப்ரோலியம் 20 சதவீதப் பொடி, ஒரு லிட்டர் குடிதண்ணீருக்கு 1.2 கிராம், ஐந்து நாள். பிறகு லிட்டருக்கு 0.3 கிராம் ஒரு வாரம். வேறு தண்ணீர் வைக்கக் கூடாது, தினம் புதிதாகக் கலக்க வேண்டும். கூளத்தை மாற்றாமல் மருந்து மட்டும் கொடுத்தால் பத்தாம் நாள் திரும்ப வரும்.

மூன்று முதல் ஆறு வாரத்தில் திடீரென்று தண்ணீராய் வெளுத்த கழிச்சல், நடுக்கம், நாலைந்து நாளில் சாவு நின்றுபோவது கம்போரோ.

பெரிய கோழி இரை எடுத்துக்கொண்டிருந்தே சாய்ந்து செத்து, தாடி வீங்கி நீலம் பாய்ந்திருந்தால் காலரா. இது பாக்டீரியா, மருந்துக்குக் கேட்கும். வெள்ளைக்கழிச்சல் வைரஸ், எந்த ஆன்டிபயாட்டிக்குக்கும் கேட்காது. ஆகவே பிரித்தறியாமல் கடையில் கொடுக்கும் மஞ்சள் நிற ஆன்டிபயாட்டிக் பொடியைத் தண்ணீரில் கலப்பதில் பயனே இல்லை.

எல்லா வயதிலும் விழுவது, பச்சை வெள்ளைக் கழிச்சல், தப்பியதில் கழுத்து முறுக்கு: நீங்கள் சொன்ன படம் வெள்ளைக்கழிச்சலோடு பொருந்துகிறது. உறுதி செய்ய அடுத்துச் சாகும் உருப்படியை வீட்டில் அறுக்காதீர்கள். செத்த சில மணி நேரத்துக்குள் இரண்டு பாலித்தீன் பையில் ஒன்றுக்குள் ஒன்றாகக் கட்டி, ஐஸ் போட்ட டப்பாவில் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். ஃப்ரீசரில் உறைய வைத்தால் திசு கெடும். அங்கிருந்து மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கு அனுப்புவார்கள். நாமக்கல் பக்கம் என்றால் அங்குள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி உண்டு. அறுத்துப் பார்ப்பவர் முதலில் தேடுவது அரைவைப்பைக்கு முன்னால் இருக்கும் சுரப்பி இரைப்பையை. உள்சுவரில் சிறு சிறு முகடுகள் இருக்கும், வெள்ளைக்கழிச்சலில் அந்த முகடுகளின் நுனியில் குண்டூசி குத்தியது போல ரத்தப் புள்ளிகள் நிற்கும். எல்லாக் கோழியிலும் இருக்காது, அதனால் இரண்டு மூன்று உருப்படி கொண்டுபோவது நல்லது.

மூச்சிரைப்போ முக வீக்கமோ இருந்தால் கொண்டுபோவதற்கு முன் கால்நடை உதவி எண் 1962-க்கு போன் போட்டுச் சொல்லுங்கள். காரணத்தை இன்னொருவர் கீழே விளக்குவார் என்று நினைக்கிறேன்.

---

மேட்டாங்காடு

ரொம்ப நன்றிங்க. ரத்தம் இல்லை, முக வீக்கம் இல்லை. நாளைக்கு மருந்தகம் போகிறேன்.

இரண்டு சந்தேகம். சொட்டு மருந்துக் குப்பியும் 100 டோஸ்தான், என்னிடம் இருபது கோழி. ஒவ்வொரு முறையும் மிச்சத்தைக் கொட்டுவதா? அப்புறம், வாடத் தொடங்கியதும் அறுத்துவிடு, வீணாக்காதே என்று வீட்டில் சொல்கிறார்கள். சாப்பிடலாமா?

---

பஞ்சாரம்

தம்பி, இரண்டாவது கேள்விக்கு முதலில் சொல்கிறேன். வேண்டாம். நன்றாக வெந்த கறியில் இந்தக் கிருமி சாகும், அது உண்மை. ஆபத்து தட்டில் இல்லை, அறுக்கும் இடத்தில் இருக்கிறது. ரத்தம், குடல், இறகு எல்லாம் குப்பைமேட்டுக்குப் போகும், நாய் இழுக்கும், காக்கா கொத்தும், கழுவின தண்ணீர் வாய்க்காலில் ஓடும். மறுநாள் நாலு வீட்டுக் கோழி அதைக் கிளறும். ஒரு ஊரில் நோய் தெருத் தெருவாக நகர்வது பெரும்பாலும் இப்படித்தான். வாடின கோழியை வந்த விலைக்கு வியாபாரியிடம் தள்ளிவிடுவது இதைவிட மோசம், அந்தக் கூடை அடுத்த ஊருக்குப் போகும். உங்கள் வீட்டுக்குச் சந்தையிலிருந்து வந்ததும் யாரோ அப்படித் தள்ளிவிட்டதாக இருக்கலாம்.

செத்ததைப் புதைக்க மூன்றடிக் குழி குறைந்தபட்சம், கிணற்றுக்கும் போர்வெல்லுக்கும் தள்ளி. அடியில் சுண்ணாம்பு, கோழி, மேலே சுண்ணாம்பு, மண். அதன்மேல் முள் வெட்டிப் போட்டுக் கல்லை ஏற்றுங்கள், இல்லாவிட்டால் ராத்திரியே நாய் தோண்டிவிடும்.

இனி 100 டோஸ். கொல்லைக்கோழித் தடுப்பூசியின் முதல் சிக்கலே இதுதான். மருந்து விலை ஒன்றுமில்லை, ஆனால் திறந்த குப்பி நாளைக்கு ஆகாது. தனி வீட்டுக்கு இது கட்டுபடியாகாது, தெருவுக்குக் கட்டுபடியாகும். ஐந்தாறு வீடு சேருங்கள். மாதத்தில் ஒரு நாள் குறித்துக்கொள்ளுங்கள், உதாரணமாக முதல் ஞாயிறு, விடிவதற்கு முன். கொல்லையில் எப்போதும் எல்லா வயதுக் குஞ்சும் கலந்திருக்கும், ஆளுக்கொரு தேதி பார்த்தால் யாருக்கும் நடக்காது. அந்த நாளில் ஒரு வாரம் ஆன குஞ்சு எல்லாவற்றுக்கும் முதல் சொட்டு, போன மாதம் முதல் சொட்டு பெற்றதற்கு இரண்டாவது சொட்டு என்று ஓட்டலாம். எதற்கு எது என்று தெரிய, இரண்டாவது முடிந்ததற்குக் காலில் நூல் வளையம் கட்டி விடுங்கள். வளர வளர இறுகாமல் மாதம் ஒருமுறை தளர்த்த வேண்டும்.

இன்னொரு நன்மையும் இருக்கிறது. உங்கள் வீட்டுக்கு மட்டும் போட்டு, சுற்றி நாலு வீட்டில் போடாவிட்டால் உங்கள் கோழி ஒவ்வொரு நாளும் கிருமியோடு மல்லுக்கட்ட வேண்டும். நீங்கள் பொரிக்கிற புதுக்குஞ்சுக்கு அதுவும் முடியாது.

வயது வாரியாக:

5 முதல் 7 நாள்: எஃப் 1 அல்லது லசோட்டா, கண்ணில் ஒரு சொட்டு. அதற்கு முன்னால் போட்டால் ஊசி போட்ட தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி மருந்தையே அழித்துவிடும்.
14-ம் நாள்: கம்போரோ. வாங்கிய குஞ்சு, நெருக்கமாக வளர்ப்பது என்றால் கட்டாயம்.
28-ம் நாள்: லசோட்டா மறுபடி.
6, 7 வாரம்: அம்மை.
7 வாரத்தில் குடற்புழு மருந்து, ஒரு வாரம் கழித்து, 8 வாரம் முடிந்ததும் ஆர்2பி அல்லது அரசு மருந்தகத்தில் கிடைக்கும் அதே வகை ஊசியான ஆர்.டி.வி.கே. தோலடியில் அரை மி.லி. 100 டோஸுக்கு 50 மி.லி. சலைன், வேறு கணக்கு இல்லை.
பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை லசோட்டா.

வீரிய ஊசியை முட்டைக்கு வருவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். முட்டையிடும் கோழிக்குப் போட்டால் சில நாள் முட்டை குறையும், அப்போது ஊசி மேல் பழி வரும்.

சொட்டு போடும் முறை. உங்கள் டிராப்பரில் முதலில் வெறும் தண்ணீர் விட்டு ஒரு மி.லி.க்கு எத்தனை சொட்டு என்று எண்ணிப் பாருங்கள். 20 சொட்டு என்றால் 100 டோஸுக்கு 5 மி.லி. வேண்டும், 30 சொட்டு என்றால் 3.5 மி.லி. போதும். எண்ணாமல் விட்டால் அறுபதாவது கோழியில் குப்பி காலியாகும். கோழியின் தலையைப் பக்கவாட்டில் திருப்பி, ஒரு கண் மேலே பார்க்கும்படி பிடியுங்கள். டிராப்பரைச் செங்குத்தாக, கண்ணில் படாமல் அரை அங்குலம் மேலே வைத்து ஒரு சொட்டு. உடனே விடக்கூடாது. சொட்டு கண்ணில் முத்துப்போல நிற்கும், கோழி இமைக்கும், சொட்டு உள்ளே இறங்கி மறையும், ஒருமுறை விழுங்கும். அப்புறம்தான் கையை எடுக்க வேண்டும். இமைக்கும் முன் விட்டால் தலையை உதறும், சொட்டு தரைக்குப் போகும். அடுத்த இரண்டு மூன்று நாள் லேசாகத் தும்மும், அது மருந்து பிடித்ததன் அடையாளம், பயம் வேண்டாம்.

உங்கள் கண்ணில் தெறிக்காமல் பாருங்கள், இந்தக் கிருமி மனிதருக்குக் கண் சிவப்பும் நீர்வடிதலும் தரும். காலிக் குப்பியைக் கொதிக்க வைத்துப் புதைக்க வேண்டும்.

கோழி மரத்தில் அடைந்து கையில் சிக்கவே இல்லை என்றால் குடிதண்ணீரில் லசோட்டா. முந்தைய நாளிலிருந்தே பிளீச்சிங் பவுடர், பெர்மாங்கனேட், வேறு மருந்து எதுவும் தண்ணீரில் கூடாது. காலையில் இரண்டு மணி நேரம் தண்ணீர் வைக்காமல், பெரிய கோழிக்குத் தலா 40 மி.லி. கணக்கில் கிணற்றுத் தண்ணீர் எடுத்து, லிட்டருக்கு 5 கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடர் கரைத்து, கால் மணி நேரம் கழித்து மருந்து. பிளாஸ்டிக் அல்லது மண் தட்டு, நிழல், பல இடத்தில். ஆனால் பலம் குறைந்த கோழிக்குப் பங்கு கிடைக்காது, எனக்கு இதில் முழுத் திருப்தி இல்லை. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பிடிபடாத கோழிகளுக்கென்றே குருணை வடிவில் வாய்வழித் தடுப்பு மருந்து உருவாக்கியிருக்கிறது, உங்கள் பக்கத்தில் கிடைக்குமா என்று விசாரியுங்கள்.

அரசுத் தரப்பில் பிப்ரவரி மாதம் இருவாரக் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துவார்கள். மாசி, பங்குனி வெயிலுக்கு முன்னால் அதை விட்டுவிடாதீர்கள். பல மருந்தகங்களில் வாரத்தில் ஒரு கிழமை கோழிக்கென்று வைத்திருப்பார்கள், நாளைக்குப் போகும்போது கேளுங்கள். வெள்ளைக்கழிச்சலுக்கு "ராணிக்கேத் நோய்" என்ற பேர் வந்தது உத்தராகண்ட் மலையில் இருக்கும் ராணிக்கேத் ஊரிலிருந்து. நமக்கு ஊசி மருந்து வருவது நம்மூர் ராணிப்பேட்டையிலிருந்து, 1932-ல் தொடங்கிய நிலையம். இரண்டையும் குழப்பிக்கொண்டு "ராணிப்பேட்டை நோய்" என்று சொல்லும் ஆட்கள் உண்டு.

---

கொல்லைக்கட்டு

சுத்தம் செய்வதைப் பற்றி யாரும் தொடவில்லை. வரிசை தப்பினால் எல்லாம் வீண், அதனால் வரிசையைப் பிடியுங்கள்.

எச்சம் மேலே இருக்கும்வரை எந்தக் கிருமிநாசினியும் வேலை செய்யாது. பிளீச்சிங் பவுடரின் வீரியத்தை எச்சமே தின்றுவிடும். முதலில் கூளத்தை லேசாக நனைத்து (காய்ந்தபடி கூட்டினால் தூசியாகப் பறந்து உங்கள் மூக்கிலும் அடுத்த கூட்டிலும் இறங்கும்) வாரி எரியுங்கள் அல்லது புதையுங்கள். அடுத்து ஒட்டியிருப்பதைச் சுரண்ட வேண்டும். பிறகு வெந்நீர் லிட்டருக்கு 40 கிராம் சலவைச் சோடா கரைத்துத் தேய்த்துக் கழுவி ஒரு நாள் வெயிலில் காய விடுங்கள். காய்ந்த பின்தான் லிட்டருக்கு 30 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தெளிந்த நீரைத் தெளிக்க வேண்டும். கடைசியில் சுண்ணாம்பு அடித்து, மூங்கில், பலகை இடுக்குகளைத் தீப்பந்தத்தால் காட்டுங்கள். பஞ்சாரத்தை மூன்று நாள் கொளுத்தும் வெயிலில் கவிழ்த்துப் போடுங்கள், வெயில் காசில்லாத மருந்து. முட்டை அட்டையை எரித்துவிடலாம், அதைச் சுத்தம் செய்ய முடியாது.

கூட்டு வாசலில் மருந்துத் தொட்டி வைத்து மிதித்துப் போகச் சொல்வார்கள். அரை நாளில் மண்ணும் எச்சமும் விழுந்து அது வெறும் சேறு. தினம் மாற்ற முடியாதவர் தொட்டியே வைக்க வேண்டாம். கூட்டுக்கென்று ஒரு ஜோடி ரப்பர் செருப்பு, அது அந்த வாசலைத் தாண்டாது. கொல்லைக்கு இதைவிட நல்ல விதி எனக்குத் தெரியாது. சந்தைக்கோ கறிக்கடைக்கோ போன செருப்போடு கூட்டுக்குள் நுழைவதும், சந்தையில் வாங்கின கோழியை நேரே மந்தையில் விடுவதும் ஏறக்குறைய ஒன்றுதான். கறிக்கடைக் கழிவு, விருந்து வீட்டு இறகு குடல் எதையும் கோழிக்குப் போடாதீர்கள்.

புதுக்கோழிக்கு 21 நாள் தனி இடம், குறைந்தது 30 அடி தள்ளி, அங்கிருந்து மந்தைப் பக்கம் காற்று வீசாதபடி. தினமும் முதலில் பழைய மந்தைக்கு இரை, கடைசியில் புதியதற்கு. தண்ணீர்ச் சட்டி தனி. பதினைந்தாம் நாள் உங்கள் மந்தையிலிருந்து மதிப்புக் குறைந்த ஒரு உருப்படியை அதனோடு விடுங்கள். புதுக்கோழி நோயைச் சுமந்துகொண்டு தான் மட்டும் நன்றாக இருக்கும் வகை என்றால், விழுவது அந்த ஒன்றோடு நிற்கும். அப்படிக் கூட விடும் நாளிலிருந்து 21 நாளைப் புதிதாக எண்ண வேண்டும். உங்கள் இரண்டு சந்தைக் கோழியை இப்போதே பிரித்துவிடுங்கள், தாமதம்தான், இருந்தாலும் இனிப் பொரிக்கும் குஞ்சுக்கு உதவும். அடை வைப்பதைக் கடைசிச் சாவுக்குப் பின் ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள்.

கூட்டில் ராத்திரி நெருக்கடியும் நோய்தான். பெரிய கோழிக்குத் தலா ஒன்றரை முதல் இரண்டு சதுர அடி. தகரக் கூரை என்கிறீர்கள், பக்கச்சுவர் அடைத்திருந்தால் விடியற்காலையில் கதவைத் திறந்ததும் மூக்கை வைத்துப் பாருங்கள். கண் எரிகிற அளவுக்கு நெடி இருந்தால் கோழியின் மூச்சுக்குழாய் ஏற்கெனவே புண். அங்கேதான் சளியும் கரகரப்பும் தொடங்கும். கம்பி வலை வைத்துக் காற்று விடுங்கள்.

குடற்புழுவுக்கு ஆல்பெண்டசோல், ஒரு கிலோ எடைக்கு 10 மி.கி. 2.5 சதவீத திரவத்தில் ஒரு மி.லி.யில் 25 மி.கி. இருக்கும், ஆக ஒன்றரைக் கிலோ கோழிக்கு 0.6 மி.லி., ஊசி கழற்றிய சிரிஞ்சில் கடைவாயில் விடலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ஒரு வாரம் முட்டை சாப்பிட வேண்டாம். வயிற்றில் புழு நிறைய இருந்தால் தடுப்பூசி சரியாகப் பிடிக்காது, அதனால்தான் மேலே பஞ்சாரம் அக்கா ஒரு வாரம் முன்னே கொடுக்கச் சொன்னார்.

பேனுக்கு இரண்டடிக்கு இரண்டடி குழியில் மணலும் அடுப்புச் சாம்பலும் வேப்பங்கொட்டைத் தூளும் கலந்து கூரைக்குக் கீழே வையுங்கள், தானே புரளும். கோழி உண்ணி அப்படிப் போகாது. பகலில் பலகை இடுக்கில் ஒளிந்து ராத்திரி வந்து ரத்தம் குடிக்கும், பட்டினியாக வருடத்துக்கு மேலும் கிடக்கும். ராத்திரி பத்து மணிக்கு டார்ச்சோடு இடுக்குகளைப் பாருங்கள். கூட்டைச் சும்மா காலி போட்டால் சாகாது, தீயும் சுண்ணாம்பும்தான்.

---

சிறுவிடை

அம்மை பற்றி ஒரு வரி. கொசு வழியாகப் பரவுவது. இறக்கைச் சவ்வில் இரட்டை முள் ஊசியால் குத்திப் போட்ட பின் ஏழு முதல் பத்தாம் நாளுக்குள் குத்தின இடத்தைத் தடவிப் பாருங்கள். சிறு வீக்கமும் பொருக்கும் இருந்தால் மருந்து பிடித்தது. எதுவுமே இல்லை என்றால் மறுபடி போட வேண்டும். மேலே சொன்ன தடுப்பூசிகளில் இப்படிக் கையால் சோதிக்கக்கூடியது இது ஒன்றுதான்.

---

நீர்க்கோழி

1962-க்கு முன்கூட்டிச் சொல்லுங்கள் என்று மேலே ஒருவர் எழுதியதற்குக் காரணம் பறவைக் காய்ச்சல். கண்ணால் பார்த்தால் இதையும் வெள்ளைக்கழிச்சலையும் பிரிக்க முடியாது. ஆனால் சில அறிகுறி கண்டால் கோழியைத் தொடவே கூடாது: ஒரே நாளில் பாதி மந்தை சாவது, கொண்டையும் தாடியும் கருநீலம், முகம் வீக்கம், இறகில்லாத காலில் ரத்தச் சிவப்பு, அதே நேரத்தில் பக்கத்தில் வாத்தோ காக்காவோ செத்துக் கிடப்பது.

இந்தியாவில் எச்5என்1 முதலில் உறுதியானது 2006 பிப்ரவரியில், மகாராஷ்டிராவின் நவாப்பூரில். அண்டையில் கேரளத்தின் ஆலப்புழை, கோட்டயம் பக்கத்து வாத்துகளில் 2014, 2021, 2024 என்று திரும்பத் திரும்ப வந்தது. அப்போதெல்லாம் தமிழக எல்லைச் சோதனைச் சாவடிகளில் கோழி, முட்டை வண்டிகளை நிறுத்துவார்கள். அந்தச் சமயத்தில் எல்லை தாண்டிக் கோழி வாங்காதீர்கள்.

சந்தேகம் என்றால் அறுக்கவோ, இறகு பறிக்கவோ, குழந்தைகளை அருகில் விடவோ கூடாது. மாதிரி எடுக்க ஆள் வருவார்கள், உறுதி செய்வது போபாலில் உள்ள ஆய்வகம். உறுதியானால் ஒரு கி.மீ. சுற்றளவில் பறவைகளை அழிப்பார்கள், 10 கி.மீ. வரை கண்காணிப்பு. அழிக்கப்படும் கோழிக்கு இழப்பீடு உண்டு, அதற்கு முன்பே செத்ததற்கு இல்லை. ஆகவே மறைப்பதால் காசு மிச்சமாகாது, நாள் தள்ளத் தள்ள நஷ்டம்தான் கூடும். இதற்குக் கொல்லைக்கோழிக்குப் போட ஊசி கிடையாது.

---

மேட்டாங்காடு

மருந்தகம் போய் வந்தேன். வெள்ளைக்கழிச்சல் என்றுதான் அறுத்துப் பார்த்துச் சொன்னார்கள், மாதிரியும் அனுப்பியிருக்கிறார்கள். சந்தைக் கோழி இரண்டையும் பிரித்தாயிற்று. தெருவில் நாலு வீடு சேர ஒப்புக்கொண்டது, எல்லாம் சேர்த்து 70 உருப்படி. கழுத்து முறுக்கிய இரண்டு குஞ்சை என்ன செய்ய? பி காம்ப்ளெக்ஸ் கொடுக்கச் சொன்னார்கள்.

---

தீவனக்கூடை

பி காம்ப்ளெக்ஸ் கொடுக்கலாம். ஆனால் பின்னால் எப்போதாவது ரத்தக்கழிச்சலுக்கு ஆம்ப்ரோலியம் ஓடும் நாட்களில் மட்டும் சேர்த்துக் கொடுக்காதீர்கள். அந்த மருந்து ஒட்டுண்ணிக்கு பி1 கிடைக்காமல் செய்துதான் அதைக் கொல்கிறது, நீங்கள் பி1 ஊற்றினால் மருந்து வேலை செய்யாது.

முறுக்கிய குஞ்சால் தரையில் இருக்கும் இரையைக் குறிபார்த்துக் கொத்த முடியாது, பட்டினியில்தான் சாகும். கம்பு மாவை நீர்க்கக் கரைத்து நாளைக்கு நாலு வேளை சொட்டுச் சொட்டாகக் கடைவாயில் விடுங்கள், மொத்தமாக ஊற்றினால் மூச்சுக்குழாயில் போகும். உள்ளங்கை உயரத் தட்டில் தண்ணீர் வைத்துச் சுற்றிலும் துணி முட்டுக் கொடுத்தால் தலையைச் சாய்த்துக் குடிக்கும். பத்து நாளில் தானாக எழுந்து நின்று இரை எடுத்தால் வளர்க்கலாம். எடுக்காவிட்டால் அதை வைத்துக்கொண்டிருப்பது குஞ்சுக்கு வேதனை. எப்படியும் இரண்டையும் மற்றவற்றோடு இந்த ஒரு மாதம் சேர்க்காதீர்கள், தப்பினாலும் எச்சத்தில் கிருமி போய்க்கொண்டிருக்கும்.

நாலு வீட்டுக்கு 70 உருப்படி என்றால் 100 டோஸில் 30 மிச்சம். இன்னும் இரண்டு வீட்டைக் கேட்டுப் பாருங்கள், முக்கியமாக வாய்க்காலுக்கு மேல்பக்கம் இருக்கும் வீட்டை. தெர்மாஸ் பிளாஸ்க்கில் ஐஸ் கட்டி போட்டு, குப்பி நனையாமல் சின்ன பாலித்தீனில் சுற்றி அதற்குள் இறக்கிக் கொண்டுவாருங்கள்.